மேற்கு ஜன்னல் வெயிலுக்குப் பிளைண்ட்ஸா, ஆனிங்கா? அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

நீங்கள் சொன்ன வீட்டை ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி, சொந்த ஃபிளாட். படுக்கையறை ஜன்னலும், ஹாலை ஒட்டிய 9 அடி பால்கனியும் மேற்குப் பார்த்தவை. சமையலறை ஜன்னல் தெற்கே. மாலை மூன்று மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை. ஒரு கடைக்காரர் எல்லா ஜன்னலுக்கும் ஜீப்ரா பிளைண்ட்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் பால்கனிக்கு மடங்கும் கை வைத்த ஆனிங், அதாவது சுவரிலிருந்து வெளியே சரிவாக நீளும் துணிக்கூரை, போடச் சொல்கிறார். வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தை. அளவை நீங்களே எடுக்கலாமா, நீங்களே மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய திரைச்சீலைக் கம்பியைக் கழற்ற வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

18 வருடமாக இதுதான் என் வேலை. விற்பவர்களுக்கு எரிச்சல் வரும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிரச்சினை சூடு என்றால், கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டும் எதுவும் அரைகுறை வைத்தியம்தான்.

காரணம் எளிது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து பிளைண்ட்ஸ் துணியில் விழுகிறது. துணி சூடாகிறது. அந்தச் சூடு திரும்ப வெளியே போகக் கண்ணாடி விடாது, அறைக்குள்தான் இறங்கும். சந்தேகம் இருந்தால் இப்போது இருக்கும் திரைச்சீலையை நாலு மணிக்கு இழுத்து மூடிவிட்டு, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். கண்கூச்சம் போயிருக்கும், எதிர்வீட்டார் பார்வை போயிருக்கும், சூடு மட்டும் போயிருக்காது. நன்றாக வெயிலைத் திருப்பி அனுப்பும் வெளிர் நிறப் பிளைண்ட்ஸை முழுக்க மூடினால் உள்ளே வரும் வெயில் சூட்டில் சுமார் 45 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அதே துறை, வெளியே மாட்டும் ஆனிங் தெற்கு ஜன்னலில் 65 சதவீதம் வரையும் மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரையும் குறைக்கும் என்கிறது. அவர்கள் ஊர்க் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வெளியே நிறுத்துவதற்கும் உள்ளே விட்டுவிட்டுத் தடுப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று காட்டும்.

அப்படியானால் இரண்டாவது கடைக்காரர் சொன்ன ஆனிங்தானே சரி என்று கேட்பீர்கள். அங்கேதான் திசை வருகிறது.

தெற்கு ஜன்னலுக்கு மேலிருந்து நீளும் எந்த நிழலும் வேலை செய்யும். சென்னையில் தெற்கு வெயில் மார்கழியில்தான் தாழும். அப்போதும் நண்பகலில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். 2 அடி சன்ஷேடு இருந்தால் அதற்குக் கீழே சுமார் இரண்டே முக்கால் அடிக்கு நிழல் விழும். கத்திரி வெயிலையும் சேர்த்து, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரையிலோ, நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது; தெற்குச் சுவரில் வெயிலே படாது. அதனால் உங்கள் சமையலறை ஜன்னலுக்கு ஒன்றும் செலவு செய்யாதீர்கள். வடக்கு ஜன்னல் இருப்பவர்கள் கவனியுங்கள்: மே கடைசியிலும் ஜூனிலும் சூரியன் நேர் மேற்கில் மறையாமல் 20 டிகிரிக்கு மேல் வடக்கே தள்ளி மறைகிறது. ‘வடக்கில் வெயில் வராது’ என்று வாஸ்துக்காரர் சொன்னதை நம்பி வாங்கியவர்கள் மாலையில் தெரிந்துகொள்வார்கள்.

மேற்கு வேறு கதை. ஏப்ரல் நடுவில் நாலு மணி சுமாருக்கு சூரியன் 33 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் எதிரே நிற்கிறது. உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருந்தாலும் அது ஒன்றேகால் அடிக்குத்தான் நிழல் தரும். ஐந்து மணிக்கு வெயில் 19 டிகிரிக்கு இறங்கிவிடும். நிழல் முக்கால் அடிகூட இல்லை. நாலரை அடி உயர ஜன்னலில் மிச்சம் முழுக்க வெயில்தான்.

இதே கணக்கை அந்த மடங்கும் ஆனிங்குக்குப் போட்டுப் பாருங்கள். பால்கனி விளிம்பில் 9 அடி உயரத்தில் மாட்டி, வெளியே 5 அடி நீட்டுகிறோம் என்று வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட, அடிக்கு 3 அங்குலம் சரிவு வேண்டும். ஆக, துணியின் முனை 15 அங்குலம் இறங்கி ஏழே முக்கால் அடியில் நிற்கும். ஐந்து மணி வெயில் அந்த முனைக்குக் கீழே புகுந்து பால்கனிக்கு வருவதற்குள் இன்னும் ஒன்றே முக்கால் அடி இறங்கும். அதாவது பால்கனியில் 6 அடிக்கு மேல்தான் நிழல். கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி. நடுவில் உள்ள இரண்டரை அடி வழியாக வெயில் ஹால் சோபா வரை வந்து உட்காரும். பெரிய தொகை கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆனிங் கெட்ட பொருள் இல்லை. மொட்டை மாடியில், கடை வாசலில், தெற்குப் பார்த்த முற்றத்தில் அருமையாக உழைக்கும். மேற்குப் பால்கனி அதன் இடம் இல்லை.

மேற்குக்கு வேண்டியது நேராகக் கீழே இறங்கும் தடுப்பு. நம் பாட்டிமார் இதைக் கணக்குப் போடாமலே செய்தார்கள்: திண்ணையில் மூங்கில் தட்டி, காலையில் சுருட்டி வைத்து மதியம் இறக்கிவிடுவது. கண்ணாடி ஜன்னல் இல்லாத பழைய பேருந்துகளில் மழைக்கு இறக்கிவிடும் படுதாவும் இதே சாதிதான்.

வெளியே தொங்கவிடப் பல வகை உண்டு. மிகக் குறைந்த செலவு, நர்சரியில் போடும் நிழல் வலை. 75 சதவீத வலையை ஓரம் தைத்து, வளையம் அடித்துக் கட்டினால் பால்கனி அன்றே ஆறும். பார்க்க நன்றாக இருக்காது. சில வருடத்தில் வெயிலில் நொறுங்கி உதிரும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூங்கில் தட்டி அழகு. வாங்கும்போது குச்சியைவிட நூலைப் பாருங்கள். பருத்தி நூலில் கோத்த தட்டி ஒரே மழைக்காலத்தில் நூல் மக்கி, நடுவில் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகும். நைலான் கயிறாக இருக்க வேண்டும். தட்டியைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். மஞ்சள் மாவு மாதிரி உதிர்ந்தால் உள்ளே உளு இருக்கிறது, வேண்டாம். வெட்டிவேர்த் தட்டியும் சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் மணக்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. வறண்ட காற்றுள்ள ஊரில் அது நடக்கும். கடல் காற்று ஏறியபின் சென்னையில் வாசனைதான் மிஞ்சும்.

உங்களுக்கு என் சிபாரிசு வெளிப்புற ரோலர்: மேலே உருளை, வெயில் தாங்கும் வலைத்துணி, கீழே கனமான பட்டை, இருபக்கமும் ஸ்டீல் கம்பி. துணியில் 1, 3, 5, 10 சதவீதம் என்று ‘ஓப்பன்னஸ்’ சொல்வார்கள். துணியில் ஓட்டை எவ்வளவு என்பதுதான் அது. மேற்குக்கு 3 அல்லது 5 எடுங்கள். 10 எடுத்தால் மாலை வெயில் நேராகக் கண்ணில் குத்தும். நிறத்தில் ஒரு விசித்திரம்: வெளிர் நிற வலை, வெளிச்சம் பட்டதும் தானே பளிச்சென்று ஆகி வெளிக்காட்சியை மறைக்கும். அடர் சாம்பல், கறுப்பு வலை வழியே தெரு தெளிவாகத் தெரியும். கறுப்பு சூடாகும்தான், வெளியே தொங்குவதால் அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். உள்ளே மாட்டுவதென்றால் இந்தத் தேர்வைத் தலைகீழாக்குங்கள். ராத்திரி விளக்குப் போட்டதும் எந்த வலையும் வெளியிலிருந்து உள்ளே காட்டும். படுக்கையறைக்குள் தனித் திரை வேண்டியது அதனால்தான்.

9 அடிக்கு ஒரே துணி போடாதீர்கள். நாலரை அடியாக இரண்டு போடுங்கள். அகலம் கூடக்கூட உருளை நடுவில் தொய்யும், துணி சுருக்கம் விழும், காற்றில் பாய்மரம் ஆகும். இரண்டாக இருந்தால் ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு இன்னொரு பக்கம் துணி காயப்போடலாம். மழைச் சாரலையும் சேர்த்துத் தடுக்க ஆசைப்பட்டுக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் கேட்காதீர்கள். சாரல் வராது, காற்றும் வராது. மே மாதத்தில் பால்கனி பசுமைக்குடில் ஆகிவிடும்.

வெளியே எதை மாட்டுவதற்கும் முன் குடியிருப்போர் சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிறத்தை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு கழற்றச் சொன்ன கதைகள் என்னிடம் நிறைய.

இப்போது படுக்கையறை. வெளியே சன்ஷேடின் அடியில் ஒரு சின்ன வலை ரோலர், உள்ளே தூக்கத்துக்கு, வெளிச்சமே விடாத துணியில் ஒரு பிளாக்அவுட் ரோலர். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதா, சறுக்கும் யுபிவிசியா (பிளாஸ்டிக் சட்டம்), கிரில் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவு வெளியே திறந்தால் வெளி ரோலருக்கு இடமில்லை; நிழல் வலைச் சட்டம் ஒன்றைக் கிரிலுக்கு வெளியே நிரந்தரமாகக் கட்டுவதுதான் வழி. ஜீப்ரா பிளைண்ட்ஸ் மேல் எனக்குப் பகை இல்லை. இரண்டு அடுக்குப் பட்டை ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து வெளிச்சம் கூட்டிக் குறைப்பது ஹாலுக்கு அழகு. முழு இருட்டு மட்டும் அதில் வராது. பட்டைகளின் ஓரம் கோடு கோடாய் வெளிச்சம் விடும். சமையலறைக்கு வெயிலுக்காக எதுவும் தேவையில்லை; மறைப்புக்காகப் போடுவதென்றாலும் துணி வேண்டாம். கிடைப்பட்டைகள் கொண்ட அலுமினிய வெனிஷியன் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைக்கலாம், ஒவ்வொரு பட்டையாக, மாதம் ஒருமுறை, சபித்துக்கொண்டே. செங்குத்தாகப் பட்டைகள் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட்ஸ் ஆபீஸுக்கு.

அளவு. தாராளமாக நீங்களே எடுக்கலாம். ஆனால் இரும்பு டேப்பில் எடுங்கள். தையல்காரர் டேப் இழுபடும்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: ஜன்னல் குழிக்குள்ளே (சுவரில் ஜன்னல் பதிந்திருக்கும் பள்ளம்) மாட்டுவதா, குழிக்கு வெளியே சுவரிலா. குழிக்குள் மாட்டினால் பார்வைக்குக் கச்சிதம். ஆனால் ரோலரில் துணி, உருளையை இருமுனையிலும் தாங்கும் பிராக்கெட்டுக்குப் பிராக்கெட் அளவைவிட இருபுறமும் சேர்த்து ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் குறைவாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் சங்கிலிச் சக்கரம், மறுபக்கம் ஊசி, அவற்றுக்கு இடம் வேண்டும். அந்தச் சந்து வழியே காலையில் இரண்டு வெளிச்சக் கோடுகள் விழும். இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குபவருக்கு அது போதும் எழுப்பிவிட. படுக்கையறைக்குச் சுவரில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் 3 அங்குலம், மேலே 4 முதல் 6 அங்குலம், கீழே 3 அங்குலம் கூடுதல். அந்த 3 அங்குலத்தில் ஸ்விட்ச் போர்டு, ஏசி, பீரோக் கதவு எதுவும் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய பேர் கோட்டைவிடுவது ஜன்னல் அடியில் பதித்த கிரானைட் கல். அது சுவரை விட்டு முக்கால் அங்குலம் உள்ளே நீண்டிருக்கும். துணி அதன்மேல் இடித்து மடங்கி நிற்கும். இதற்கு ‘ரிவர்ஸ் ரோல்’ கேட்டு வாங்க வேண்டும்: துணி உருளையின் பின்பக்கம் இறங்காமல் முன்பக்கம் இறங்கும், கல்லையும் தாழ்ப்பாளையும் தாண்டிவிடும்.

குழிக்குள் மாட்டுவதென்றால் எப்படி அளப்பது என்று போன வாரம் அளந்த ஒரு ஜன்னலை வைத்துச் சொல்கிறேன். நம் ஊரில் ஆசாரியும் கொத்தனாரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மேலே அகலம் 47 அங்குலம் 6 நூல். நடுவில் 47 அங்குலம் 4 நூல். கீழே 48 அங்குலம் சரியாக. கட்டியவர் குடிகாரர் இல்லை. பூச்சு வேலை என்றால் எல்லா வீட்டிலும் இப்படித்தான். அகலத்துக்கு மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும்: 47 அங்குலம் 4 நூல், மில்லிமீட்டரில் 1206. பெரியதை எடுத்தால் நடுவில் சிக்கும். உயரத்தையும் இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் எடுத்தேன். ரோலர் என்பதால் அதில் பெரியதைக் குறித்தேன், துணி கூடுதலாக இருந்தால் உருளையில் கிடக்கும். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் குழி கோணலில்லாமல் இருக்கிறது. எனக்கு 5 நூல் வித்தியாசம் வந்தது. கண்ணுக்குத் தெரியாது, நேரான பட்டை தொங்கியதும் சாய்ந்த சுவர் கத்திச் சொல்லும். ‘வெளியே மாட்டிக்கலாம்மா’ என்றேன். அந்த அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு செய்தித்தாளை ஜன்னல் மேல்விளிம்பில் நேராக ஒட்டிக் காட்டினேன், கீழே விரல் அகலத்துக்குச் சாய்ந்தது. அப்புறம் சரி என்றார்.

குழியின் ஆழத்தையும் அளங்கள். உருளையும் துணியும் முழுக்க உள்ளே அடங்க மூன்று அங்குலமாவது வேண்டும். அந்த ஆழத்தில் கொசுவலைக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழியுங்கள்.

டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். உடைந்துவிட்டது என்று ஆணி அடித்து இறுக்கிவிடாதீர்கள். வெளிவிளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வராமலிருக்கத்தான் அந்த ஆட்டம்.

கடைக்கு அளவு கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். இதை என் சொந்தச் செலவில் கற்றேன். தொழில் தொடங்கிய புதிதில் நாலு ஜன்னலுக்கு, ஆடாமல் நுழைய வேண்டுமே என்று நானே அரை அங்குலம் கழித்து அளவு அனுப்பினேன். தைக்கிற இடத்தில் அது ஜன்னல் அளவு என்று நினைத்து அவர்களும் தங்கள் வழக்கப்படி கழித்தார்கள். வந்த நாலும் ஆளுக்கொரு அங்குலம் குறைவு. நாலையும் மறுபடி செய்தேன், என் பணத்தில். அதனால் எழுதும்போது ‘ஜன்னல் திறப்பு அளவு, கழிக்கவில்லை’ என்றோ, ‘பிளைண்ட்ஸ் முழு அளவு, மேற்கொண்டு கழிக்க வேண்டாம்’ என்றோ எழுதுங்கள். அகலம் முதலில், உயரம் அடுத்து. சங்கிலி எந்தப் பக்கம் என்பதும் அதே வரியில். அங்குலமா மில்லிமீட்டரா என்று இரண்டையும் கலக்காமல் ஒன்றில்.

விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். சின்ன ஜன்னலுக்குக் குறைந்தபட்சச் சதுர அடி என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். பாத்ரூம் ஜன்னலுக்குப் பெரிய ஜன்னல் பில் வருவது அதனால். முன்கூட்டியே கேளுங்கள்.

மாட்டுவது. உள்ளே ரோலரை நீங்களே மாட்டலாம். வெளியே மூன்றாவது மாடியில் வேண்டாம். கை நழுவினால் கீழே யாரோ நடந்துபோகிறார்கள்.

உள்வேலைக்கு ஹேமர் டிரில், 6 மில்லிமீட்டர் பிட், ரவுல் பிளக் (ஓட்டைக்குள் திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்), ரசமட்டம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே ஓட்டை போடாதீர்கள். வயர் குழாய் பெரும்பாலும் அங்கேதான் ஏறும். சுவர்ப்பூச்சு அரை அங்குலம் இருக்கும், அது எதையும் தாங்காது. திருகு பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ பிடிக்க வேண்டும் என்பதால் ஒன்றரை அங்குலத் திருகு எடுங்கள். துளைக்கும்போது வரும் தூளைப் பாருங்கள்: சிவப்பு செங்கல், சாம்பல் கான்கிரீட். வெள்ளையாகச் சுலபமாக உதிர்ந்து, பிட் வெண்ணெயில் போவது மாதிரி இறங்கினால் அது ஏஏசி பிளாக், காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல். புதுக் கட்டடங்களில் இதுதான் அதிகம். சாதாரண பிளக் அதில் நிற்காது. அதற்கென்று விற்கும் அகலப் பிளக் வாங்குங்கள், அல்லது பிராக்கெட்டை மேலே ஏற்றி, ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் பிடியுங்கள். யுபிவிசி சட்டத்தில் மட்டும் திருகாதீர்கள். உள்ளே தண்ணீர் வடியும் வழிகள் இருக்கின்றன, உத்தரவாதமும் போகும். ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய தபால் உறையை டேப் போட்டு ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும், கட்டில் தப்பிக்கும்.

இரண்டு பிராக்கெட்டும் ரசமட்டத்துக்கு இருக்க வேண்டும். மேல்விளிம்பைப் பார்த்து மாட்டக் கூடாது, அது சாய்ந்திருக்கலாம். மட்டம் தப்பினால் துணி சுற்றும்போது ஒரு பக்கமாக ஓடி, ஓரம் பிராக்கெட்டில் உரசிப் பிசிறாகும். மட்டம் சரியாக இருந்தும் ஓடினால், துணியை முழுக்க இறக்கி, உருளையில் அது ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டிச் சுற்றுங்கள். அந்தப் பக்கம் உருளை நூலிழை அளவு தடித்து, துணி நடுவுக்கு வரும். சரியாகும்வரை ஒவ்வொரு துண்டாக.

குழந்தை இருக்கும் வீட்டில் சங்கிலியை இந்த நாளே கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தொங்கும் சங்கிலி வளையத்தில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், சத்தமே வராது. ஐரோப்பிய விதிப்படி வளையத்தின் கீழ்முனை தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. அமெரிக்காவில் 2018 முதல் கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸ் கயிறில்லாமலோ, கயிறு குழந்தை கைக்கு எட்டாமலோதான் வர வேண்டும். நம் ஊர்க் கடையில் யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை. படுக்கையறைக்குச் சங்கிலியில்லா ஸ்பிரிங் ரோலர் கேளுங்கள், கீழ்ப்பட்டையைப் பிடித்து இழுத்தால் வரும். சங்கிலிதான் கிடைக்கும் என்றால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பைத் திருகிய பிறகே பிளைண்ட்ஸை மாட்டச் சொல்லுங்கள். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

வெளி ரோலரை ஆள் மாட்டும்போது எங்கே துளைக்கிறார் என்று நின்று பாருங்கள். பால்கனியில் பீமின் அடியில் துளைக்க வேண்டும். படுக்கையறைக்கு சன்ஷேடின் அடிப்பக்கம். சன்ஷேடின் மேல்பக்கத்திலிருந்து துளைக்க விடாதீர்கள். நீட்டி நிற்கும் அந்தப் பலகையைத் தாங்கும் கம்பிகள் மேல்பக்கம்தான் இருக்கின்றன. ஓட்டை வழி தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், சில வருடம் கழித்துக் கான்கிரீட் துண்டு துண்டாக விழும். திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேடவாக்கம் வரை உப்புக்காற்று வராது என்று யாராவது சொன்னாலும்.

மொட்டை மாடிக்கு ஆனிங் போடும் எண்ணமிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 அடி நீளும் ஆனிங்கில் காற்றின் பாரம் சுவரிலிருந்து 4 அடி தூரத்தில் விழுவதாக வையுங்கள். சுவரைப் பிடித்திருக்கும் தகடு அரையடி உயரம். நாலுக்கு அரை, எட்டு மடங்கு. துணிமேல் 50 கிலோ அழுத்தினால் மேல் போல்ட்டுகளை 400 கிலோ வெளியே இழுக்கும். செங்கல் சுவர் அதைத் தாங்காது. கான்கிரீட் பீமில்தான் ஆங்கர் போல்ட் போட வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த அன்று, நான் செங்கல் சுவரில் மாட்டித் தந்த ஒரு ஆனிங்கைச் சுருட்டாமல் விட்டிருந்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் போல்ட் கழன்றிருக்கவில்லை. போல்ட் பிடித்திருந்த செங்கலோடு சேர்ந்து வந்து மாடியில் கிடந்தது. சுருட்டாதது அவர்கள் தப்பு என்று அன்று சொன்னேன். செங்கல்லில் மாட்டியது என் தப்பு.

உங்கள் வலை ரோலரையும் பலத்த காற்றுக்கு ஏற்றிவிடுங்கள். இறக்கி வைத்திருக்கும்போது கீழ்ப்பட்டையைக் கைப்பிடிச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டியே வையுங்கள். மாட்டாமல் விட்டால் ராத்திரி முழுக்க டங்கு டங்கென்று இடிக்கும். புகார் கீழ்வீட்டிலிருந்து வரும். மழையில் நனைந்த துணியை அப்படியே சுருட்டினால் பூசணம் பிடிக்கும், வெயில் வந்ததும் ஒருமுறை இறக்கிக் காயவிடுங்கள்.

அந்தப் பழைய திரைச்சீலைக் கம்பியைக் கழற்ற வேண்டாம். பிளாக்அவுட் ரோலர் அதற்குக் கீழே, சுவரை ஒட்டி வந்துவிடும். கம்பிக்கும் ஜன்னலின் மேல்விளிம்புக்கும் நடுவில் 4 அங்குலம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து சொல்லுங்கள்.